ஆக்ஸ்ஃபோர்டின் பழைய தெருவில் வீடு வாங்குகிறீர்களா? ஆஃபர் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகிற தூரம். செங்கல் முகப்பு, மேலே தூக்கித் திறக்கிற மர ஜன்னல், வாசலில் பழைய ஓடு பதித்த நடை. அப்படி ஒரு வரிசை வீட்டைப் பார்த்ததும் நானும் என் கணவரும் விழுந்துவிட்டோம். முதல் வீட்டைப் பார்த்த நாளிலிருந்து சாவி கைக்கு வர பதினோரு மாதம் ஆனது. அதில் பாதி எங்கள் அறியாமையால் போனது.

இங்கிலாந்தில் வீடு வாங்குவது பற்றிப் பொதுவாக நிறைய தகவல் கிடைக்கிறது. பாதுகாக்கப்பட்ட பழைய பகுதியில், அதுவும் ஊரிலிருந்து வந்த நாம் வாங்கும்போது எங்கே இடறுவோம் என்று சொல்வார்தான் இல்லை. அதற்குத்தான் இது. ஸ்காட்லாந்துக்கு விதிகள் வேறு. நான் சொல்லும் தொகைகள் 2025 நிலவரம்.

1. முதலில் வீட்டுக்கு என்ன கட்டுப்பாடு என்று பாருங்கள்

"பழைய வீடு, பாதுகாக்கப்பட்ட பகுதி" என்று ஏஜென்ட் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். அதற்குள் மூன்று தனித்தனி அடுக்குகள் இருக்கின்றன.

முதல் அடுக்கு, கன்சர்வேஷன் ஏரியா. இது தெருவுக்கே பொது. ஜெரிக்கோ, வடக்கு ஆக்ஸ்ஃபோர்டின் விக்டோரியா காலப் பகுதி, ஆஸ்னி, இஃப்லி, பழைய ஹெடிங்டன் எல்லாம் இதற்குள் வரும். வேறு இடத்தில் கேட்காமலே செய்யக்கூடிய சில வேலைகளுக்கு இங்கே பிளானிங் அனுமதி வேண்டும்: பக்கவாட்டில் இழுத்துக் கட்டுவது, பின்னால் இரண்டு மாடிக்குக் கட்டுவது, கூரையை உயர்த்தி அட்டிக்கில் அறை எடுப்பது, முகப்பில் வேறு பொருளை ஒட்டுவது.

இரண்டாவது அடுக்கு, ஆர்ட்டிகிள் 4. கன்சர்வேஷன் ஏரியாவுக்குள்ளேயே சில தெருக்களுக்கு கவுன்சில் (நகராட்சி) கூடுதலாகப் போடும் கட்டு. இது இருந்தால் முன்பக்க ஜன்னல், கதவு, கூரை ஓடு, சுற்றுச்சுவர் என்று சின்ன மாற்றத்துக்கும் அனுமதி கேட்க நேரிடும். எதற்கெல்லாம் என்பது அந்தந்த உத்தரவைப் பொறுத்தது. ஆகவே உத்தரவையே தேடிப் படியுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது, லிஸ்டட் கட்டடம், அதாவது தேசியப் பாதுகாப்புப் பட்டியலில் தனியாக இடம்பெற்ற கட்டடம். இதுதான் கடுமையானது. கிரேடு 1, கிரேடு 2 ஸ்டார், கிரேடு 2 என்று மூன்று நிலை. வீடுகளில் பெரும்பாலும் கிரேடு 2தான். பலரும் "வெளியேதான் கை வைக்கக் கூடாது, உள்ளே நம் இஷ்டம்" என்று நினைக்கிறார்கள். தவறு. உள்ளே இருக்கும் மாடிப்படி, கதவு, கணப்பு, தளப்பலகை எல்லாம் சேர்ந்ததுதான் பாதுகாப்பு. தோட்டத்தில் 1948 ஜூலை 1க்கு முன் கட்டிய சுவரோ கொட்டகையோ இருந்தால் அதுவும் பெரும்பாலும் கணக்கில் வரும். அனுமதி இல்லாமல் வீட்டின் தன்மையைக் கெடுக்கும் வேலை செய்தால் அபராதத்தோடு போகாது, அது கிரிமினல் குற்றம்.

பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்து நடத்தும் தேசியப் பட்டியலில் வீடு லிஸ்டட் ஆனதா என்று இலவசமாகப் பார்க்கலாம். கவுன்சில் இணையதளத்தில் கன்சர்வேஷன் ஏரியா வரைபடம் இருக்கிறது. அதே தளத்தில் முகவரியைப் போட்டால் அந்த வீட்டுக்கு இதுவரை வந்த பிளானிங் விண்ணப்பங்கள், ஏற்றது, மறுத்தது எல்லாம் வரும். பக்கத்து நான்கு வீடுகளையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு அட்டிக் அறை எடுக்கும் ஆசை இருந்து, அந்த வரிசையில் மூன்று பேருக்கு மறுத்திருந்தால் உங்களுக்கு மட்டும் கிடைக்கப் போவதில்லை.

2. கடன் கிடைக்குமா என்பதை விசாவும் ஒப்பந்தமும் முடிவு செய்யும்

என் கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட ஒப்பந்த வேலை, எனக்கு மருத்துவமனையில் நிரந்தர வேலை. நேராக எங்கள் கணக்கு இருந்த வங்கிக்குப் போனோம். அவர் ஒப்பந்தத்தில் ஒன்பது மாதம்தான் மிச்சம் என்பதால் அவர் சம்பளத்தைக் கணக்கில் எடுக்கவே இல்லை. பிறகு ஒரு மார்ட்கேஜ் புரோக்கரிடம் போனபோது, முந்தைய ஒப்பந்தம் ஒரு முறை புதுப்பிக்கப்பட்டதைக் காட்டினால் ஏற்கும் வங்கிகளும் உண்டு என்று தெரிந்தது. பல்கலைக்கழக ஊழியர்களுக்கு அடிக்கடி கடன் வாங்கித் தரும் புரோக்கரைத் துறையிலேயே யாரிடமாவது கேட்டுப் பிடியுங்கள்.

ஐ.எல்.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை இல்லாமல் வேலை விசாவில் இருப்பவர்களிடம் சில வங்கிகள் 25 சதவீதம் வரை முன்பணம் கேட்கும். சில வங்கிகள் 10 சதவீதத்துக்கும் கொடுக்கும், ஆனால் விசாவில் குறிப்பிட்ட காலம் மீதம் இருக்க வேண்டும் என்பார்கள். விசா புதுப்பிக்கும் தேதி நெருங்கினால் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி60 (வருடச் சம்பளமும் வரியும் காட்டும் சான்று), மூன்று முதல் ஆறு மாத வங்கி அறிக்கை, வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட், இ-விசாவின் ஷேர் கோடு, முகவரிச் சான்று.

லிஸ்டட் வீடு என்றால் விண்ணப்பிக்கும்போதே புரோக்கரிடம் சொல்லிவிடுங்கள். சில வங்கிகள் அதைத் தொடவே மாட்டா.

3. ஊரிலிருந்து பணம் வருகிறதென்றால் இன்றே தொடங்குங்கள்

எங்கள் முன்பணத்தில் பாதி அப்பா கொடுத்தது. "என் பணத்தை என் மகளுக்குக் கொடுக்க நான் யாருக்கும்மா கணக்கு சொல்லணும்?" என்று கும்பகோணத்திலிருந்து போனில் கோபப்பட்டார். சொல்லத்தான் வேண்டியிருந்தது. பணமோசடித் தடுப்பு விதிகளின்படி இங்கே நம் பத்திர வேலையைப் பார்க்கும் வழக்கறிஞரான சொலிசிட்டர், பணம் எங்கிருந்து முளைத்தது என்று வேர் வரை கேட்பார்.

அவர் எங்களிடம் கேட்டது: அப்பாவின் பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும், ஆறு மாத வங்கி அறிக்கை, ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்ந்த ரசீது, இது கடன் இல்லை, திருப்பிக் கேட்க மாட்டேன், வீட்டில் பங்கும் கேட்க மாட்டேன் என்று அப்பா கையெழுத்திட்ட கடிதம். இடம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரம் வேண்டும். தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். அப்பா கணக்கில் சீட்டு எடுத்த பணம் நான்கு லட்சம் வந்திருந்தது. சீட்டு என்றால் என்னவென்று சொலிசிட்டருக்கு விளக்கவே மூன்று மின்னஞ்சல் ஆனது, சீட்டு நிறுவனத்தின் பாஸ்புக்கை ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகுதான் விட்டார். நகை விற்ற பணமானால் பில்லைத் தொலைக்காதீர்கள்.

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் எல்.ஆர்.எஸ். திட்டத்தின் கீழ் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். அப்பா, அம்மா இருவருக்கும் தனித்தனி வரம்பு. ஒரு நிதியாண்டில் 10 லட்ச ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். எனும் முன்வரி பிடிக்கும். அது போய்விட்ட பணம் இல்லை, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்பப் பெறலாம். ஆனால் அதுவரை முடங்கிக் கிடக்கும். 50 லட்சம் அனுப்பினால் 8 லட்சம் கூடுதலாகக் கையில் வேண்டும் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மார்ச்சில் பாதி, ஏப்ரலில் பாதி என்று பிரித்தால் இரண்டு நிதியாண்டின் 10 லட்ச விலக்கும் கிடைக்கும்.

உங்கள் சொந்த என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) வருவதானால் சி.ஏ. சான்றிதழும் வரிப் படிவமும் வேண்டும். இதற்கே இரண்டு மூன்று வாரம் வையுங்கள்.

4. ஸ்டாம்ப் டியூட்டி: தாத்தா வீட்டுப் பங்கை மறக்காதீர்கள்

நம்மவர்கள் அதிகம் அடிபடுவது இங்கேதான்.

வழக்கமான கணக்கு: முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். முதல் வீடு வாங்குபவருக்குச் சலுகை: 3 லட்சம் வரை வரி இல்லை, 3 முதல் 5 லட்சம் வரை 5 சதவீதம். விலை 5 லட்சத்தை ஒரு பவுண்ட் தாண்டினாலும் சலுகை முழுவதும் போய்விடும். ஐந்து லட்ச பவுண்ட் வீட்டுக்குச் சலுகையோடு 10,000. சலுகை இல்லாவிட்டால் 15,000.

"முதல் வீடு" என்பதற்கு உலகில் எங்குமே இதுவரை வீடோ வீட்டில் பங்கோ இருந்திருக்கக் கூடாது என்று பொருள். தாத்தா செட்டில்மென்ட் எழுதி உங்கள் பெயரையும் அண்ணன் பெயரையும் சேர்த்திருந்தால் நீங்கள் முதல் வீட்டுக்காரர் அல்ல. விற்றுவிட்டிருந்தாலும் அல்ல. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருக்கும் இந்தத் தகுதி வேண்டும்.

இதைவிடப் பெரிய அடி, கூடுதல் வீட்டு வரி. வாங்கும் நாளன்று உங்களுக்கோ உங்கள் கணவன் மனைவிக்கோ வேறெங்காவது 40,000 பவுண்டோ அதற்கு மேலோ மதிப்புள்ள வீட்டுப் பங்கு இருந்து, நீங்கள் வாங்குவது பழைய குடியிருப்பு வீட்டை விற்றுவிட்டு அதற்குப் பதிலாக அல்ல என்றால், மொத்த விலைக்கும் 5 சதவீதம் கூடுதல். ஐந்து லட்சத்துக்கு 25,000 பவுண்ட். சென்னையில் ஒரு ஃப்ளாட் வைத்திருக்கும் எத்தனையோ பேருக்கு இது கடைசி வாரத்தில்தான் தெரிய வருகிறது. கடந்த மூன்று ஆண்டுக்குள் பரம்பரையாக வந்த, பாதிக்கு மேற்படாத பங்குக்கு விலக்கு உண்டு. வெறும் காலி மனையும் வயலும் இதில் வராது.

புதிதாக வந்தவர்களுக்கு இன்னொன்று. வாங்குவதற்கு முந்தைய 12 மாதத்தில் 183 நாளாவது பிரிட்டனில் இருந்திருக்காவிட்டால் 2 சதவீதம் கூடுதல். வாங்கிய பின் ஒரு வருடத்துக்குள் 183 நாள் இங்கே இருந்து முடித்தால் அதைத் திரும்பக் கேட்கலாம். இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

அதனால் ஆஃபர் கொடுப்பதற்கு முன்பே ஊரில் யார் பெயரில் என்ன இருக்கிறது என்று அப்பா அம்மாவிடமும் மாமியார் வீட்டிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது, என் பெயரில் இருப்பதே எனக்குத் தெரியாத ஒரு கால் பங்கு வெளியே வந்தது. முதல் வீட்டுச் சலுகை அதோடு போயிற்று. பங்கின் மதிப்பு 40,000 பவுண்டுக்குக் கீழே என்பதால் கூடுதல் வரியிலிருந்து மட்டும் தப்பினோம். அதற்கு ஊரில் மதிப்பீட்டாளரிடம் வாங்கிய காகிதம்தான் ஆதாரம்.

5. வீட்டைப் பார்க்கும்போது

ஏஜென்ட் புதிய சமையலறையைக் காட்டிக்கொண்டே இருப்பார். நீங்கள் சுவரைப் பாருங்கள்.

இந்த வீடுகளின் சுவர் நடுவே இடைவெளி இல்லாத கெட்டிச் செங்கல் சுவர். செங்கலுக்கு நடுவே பூசியது சுண்ணாம்புக் காரை. நம் ஊர்ப் பழைய வீடுகளைப் போலவேதான்: ஈரத்தை உறிஞ்சும், வெயிலும் காற்றும் பட்டதும் விட்டுவிடும். பின்னால் வந்த யாராவது அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் வைத்திருந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலுக்குள்ளேயே தங்கிக் குளிரில் உறைந்து, செங்கலின் முகம் பிஸ்கட் போல உதிரும். முன் சுவரில் இடுப்புயரத்துக்குக் கீழே உற்றுப் பாருங்கள். இடைக்கோடு கருஞ்சாம்பல் நிறத்தில் கல் மாதிரி இருந்து, செங்கல் மட்டும் உள்வாங்கியிருந்தால் சிமென்ட். வெள்ளையாகவோ மணல் நிறத்திலோ, விரலால் தேய்த்தால் கொஞ்சம் பொடி ஒட்டினால் சுண்ணாம்பு.

அடுத்து, கணப்புச் சுவர். கீழே சமையலறையில் அதை இடித்து இடம் பெருக்கியிருப்பார்கள். மேலே படுக்கையறையில் அதே இடத்தில் சுவர் துருத்திக்கொண்டிருக்கும், கூரையில் புகைபோக்கியும் நிற்கும். அவ்வளவு செங்கலையும் இப்போது தாங்குவது எது? இரும்பு உத்திரம் வைத்து, வேலை கட்டட விதிப்படி நடந்தது என்று சொல்லும் பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழ் வாங்கியிருந்தால் சரி. ஏஜென்ட்டிடம் கேட்டால் "எப்பவோ செய்தது" என்பார். குறித்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலை ஒன்றுவிடாமல் தூக்கிப் பாருங்கள். வண்ணம் பூசிப் பூசி ஒட்டிப்போனது, கயிறு அறுந்தது, அடிக்கட்டை உளுத்தது எல்லாம் அப்போதுதான் தெரியும். பழுது பார்க்கலாம், ஆனால் ஜன்னல் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் கேட்பார்கள். தெருக்குழாய் உள்ளே வரும் இடத்தில் தண்ணீர்க் குழாய் சாம்பல் நிறமாக இருந்து, நகத்தால் கீறினால் வெள்ளியாகப் பளபளத்தால் அது ஈயக்குழாய். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் மாற்றியே ஆகவேண்டும்.

ஒரு வீட்டை ஆகஸ்டில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அப்போது மாணவர்கள் யாரும் இல்லை, தெரு கோயில் மாதிரி இருக்கும். அக்டோபரில் வகுப்பு தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அதே தெருவில் நடந்து பாருங்கள்.

6. ஆஃபரும் சர்வேயும்

விலையை விற்பவர் ஏற்றுக்கொண்டாலும் யாரையும் அது கட்டுப்படுத்தாது. எக்ஸ்சேஞ்ச், அதாவது இரு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்வது, நடக்கும்வரை அவர் வேறொருவருக்கு விற்கலாம், நீங்களும் விலகலாம். இதனால்தான் பணத்தைக் கொட்டும் வேலைகளை வரிசையாகச் செய்ய வேண்டும்: முதலில் சர்வே (வீட்டின் நிலையை நிபுணர் பார்த்துத் தரும் அறிக்கை), அதில் பெரிதாக ஒன்றும் இல்லையென்றால் சொலிசிட்டரின் தேடல்கள் (கவுன்சில் போன்ற இடங்களில் வீட்டைப் பற்றி விசாரிப்பது).

வங்கி அனுப்பும் மதிப்பீடு சர்வே அல்ல. எங்களுக்கு வந்தவர் இருபது நிமிடம் நின்றார், அவ்வளவுதான். பழைய வீட்டுக்கு மிக விரிவான லெவல் 3 சர்வேதான் எடுக்க வேண்டும். லெவல் 2 விலை குறைவு, இங்கே அது போதாது. எங்களுக்கு லெவல் 3க்கு 1,100 பவுண்ட் ஆனது. கழிவுநீர்க் குழாயில் கேமரா விட்டுப் பார்க்க இன்னொரு 220.

ஒரு பொறி. சர்வே அறிக்கையில் "ஈரப்பதம் காணப்படுகிறது, நிபுணரிடம் காட்டவும்" என்று ஒரு வரி வரும். உடனே இலவசமாக வந்து பார்க்கிறோம் என்று சொல்லும் கம்பெனிக்குப் போன் செய்யாதீர்கள். எங்களிடம் அப்படி வந்தவர் சுவரில் கருவியை வைத்த கையோடு, மருந்து ஊசி போட்டு சிமென்ட் பூச்சு பூச 6,400 பவுண்ட் என்று எழுதிக் கொடுத்தார். பிறகு சுண்ணாம்புக் காரை தெரிந்த, எதையும் விற்காத ஒரு சர்வேயருக்கு 300 பவுண்ட் கொடுத்துக் காட்டினோம். உடைந்த மழைநீர்க் குழாயும், தளத்துக்கு அடியில் காற்று போகிற ஓட்டைகளை மூடிய தோட்டத்து மண்ணும்தான் காரணம் என்றார். மண்ணை நாங்களே வெட்டி எடுத்தோம். குழாய்க்கு 180 ஆனது.

7. முந்தையவர்கள் செய்த வேலைக்குக் காகிதம் இருக்கிறதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். இப்படிப்பட்ட தெருவில் வீட்டோடு சேர்த்து, முப்பது வருடமாக அதில் இருந்தவர்கள் கேட்காமல் செய்த வேலைகளையும் வாங்குகிறீர்கள். லிஸ்டட் வீட்டில் அனுமதியில்லாமல் செய்த மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லி கவுன்சில் இன்றைய உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பலாம், அதற்குக் காலக்கெடுவே இல்லை. லிஸ்டட் அல்லாத வீட்டில் பிளானிங் மீறலுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டு. 2024 ஏப்ரல் 25க்கு முன் முடிந்த கட்டட வேலைக்குப் பழைய நான்கு ஆண்டுக் கணக்கு.

விற்பவர் நிரப்பித் தரும் டிஏ6 படிவத்தில் என்னென்ன மாற்றம் செய்தார்கள், என்ன அனுமதி வாங்கினார்கள் என்று கேள்விகள் இருக்கும். "தெரியாது" என்று எழுதிய இடங்களைத்தான் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு காகிதம் தனித்தனி: ஒன்று பிளானிங் அனுமதி, இன்னொன்று பில்டிங் கன்ட்ரோல் நிறைவுச் சான்றிதழ். ஒன்று இருந்தால் மற்றதும் இருக்கும் என்று அர்த்தமில்லை. 2002 ஏப்ரலுக்குப் பிறகு மாற்றிய ஜன்னலுக்கு, பதிவு பெற்ற ஜன்னல் நிறுவனம் மூலம் கிடைக்கும் ஃபென்சா சான்றிதழோ பில்டிங் கன்ட்ரோல் சான்றிதழோ வேண்டும்.

நாங்கள் வாங்கிய வீட்டில் அட்டிக் அறைக்கு நிறைவுச் சான்றிதழ் இல்லை. விற்பவர் பக்கம், ஒரு இண்டெம்னிட்டி காப்பீடு வாங்கித் தருகிறோம், அதோடு முடித்துக்கொள்வோம் என்றார்கள். இது இங்கே சாதாரணம். எனக்கோ நேர்மையாகக் கேட்டுவிடலாமே என்று தோன்றியது. வீட்டு முகவரியைப் போட்டு கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் சொலிசிட்டரிடம் பெருமையாகச் சொன்னேன். போனில் சிறிது நேரம் பேச்சே இல்லை. கவுன்சிலுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு அந்தக் காப்பீட்டை யாரும் தர மாட்டார்கள், ஏற்கெனவே எடுத்திருந்தாலும் செல்லாது.

அப்புறம் என்ன? விற்பவர் பின்தேதியில் ஒழுங்குபடுத்தும் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது. ஆய்வாளர் பார்ப்பதற்காக அட்டிக் சுவரின் பலகையை மூன்று இடத்தில் அறுத்துத் திறந்தார்கள். உத்திரம் சரியாக இருந்தது, தீத்தடுப்புக் கதவு இல்லை. ஏழு வாரம் போனது, விற்பவர் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஆகவே கவுன்சில் தளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் தேடிப் படியுங்கள், அதில் தவறில்லை. முகவரியைச் சொல்லி எழுதுவதோ போன் செய்வதோ சொலிசிட்டரைக் கேட்காமல் கூடாது. ஆனால் ஒன்று: எனக்கு இப்போதும் அந்த ஏழு வாரம் வீண் என்று தோன்றவில்லை. காப்பீடு என்பது கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் பணம் தரும், தலைக்கு மேலிருக்கும் உத்திரம் உறுதியா என்று சொல்லாது. அறையில் குழந்தை படுக்கப் போகிறதென்றால் காப்பீடு வாங்கினாலும், கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

8. அவசரமாகச் சில சங்கதிகள்

ஒரு அறையை வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டலாம் என்ற எண்ணம் உண்டா? நீங்களும் அங்கேயே குடியிருந்து, இரண்டு பேர் வரை வைத்துக்கொள்ளலாம், வங்கியிடம் சொல்ல வேண்டும். முழு வீட்டையும் தொடர்பில்லாத மூன்று மாணவர்களுக்கு விடுவதென்றால் ஆக்ஸ்ஃபோர்டில் உரிமமும் வேண்டும், பயன்பாட்டை மாற்ற பிளானிங் அனுமதியும் வேண்டும். 2012லிருந்து இப்படித்தான். ஏஜென்ட் சொல்லும் வாடகைக் கணக்கை நம்பி விலையை ஏற்றாதீர்கள்.

பார்க்கிங் பெர்மிட் அந்த முகவரிக்குக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே தெருவில் சில வீடுகளுக்குக் கிடையாது.

ஆஸ்னி, கிராண்ட்பான்ட் பக்கம் ஆறு. அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் பின்கோடு போட்டு இலவசமாகப் பாருங்கள்.

லீஸ்ஹோல்டு (நிலம் வேறொருவருடையது, நமக்குக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் உரிமை) என்று இருந்தால் எத்தனை ஆண்டு மீதம் என்பதுதான் முதல் கேள்வி. 80க்குக் கீழே என்றால் சொலிசிட்டரிடம் பேசாமல் ஆஃபர் கொடுக்காதீர்கள்.

பழைய தேவாலயத்தின் பலிபீடப் பகுதியைப் பழுது பார்க்கும் கடமை சில நிலங்களின் மேல் இன்னும் இருக்கிறது. சிரித்துவிட்டேன், சொலிசிட்டர் சிரிக்கவில்லை. தேடலுக்கு ஆகும் சில பவுண்டைக் கொடுத்துவிடுங்கள்.

9. எக்ஸ்சேஞ்ச், கம்ப்ளீஷன்

எல்லாம் ஒழுங்காகப் போனால் ஆஃபரிலிருந்து சாவிக்கு மூன்று முதல் ஐந்து மாதம். எக்ஸ்சேஞ்ச் அன்று வழக்கமாக 10 சதவீதம் கட்டுவீர்கள். அதற்குப் பிறகு விலகினால் அந்தப் பணம் போய்விடும். அன்றே கட்டடக் காப்பீடு தொடங்கியிருக்க வேண்டும், சாவி வாங்கும் நாளில் அல்ல. காப்பீட்டுத் தொகை சந்தை விலைக்கு அல்ல, திரும்பக் கட்ட ஆகும் செலவுக்கு. சர்வே அறிக்கையில் அந்த எண் இருக்கும். லிஸ்டட் வீட்டுக்கு சுண்ணாம்பும் கையால் செய்த ஜன்னலும் சேர்வதால் அது அதிகம்.

எங்கள் சிறு செலவுகள்: சொலிசிட்டர் 2,150 (வாட் உட்பட), தேடல்கள் 390, புரோக்கர் 400, சர்வேக்கள் எல்லாம் சேர்த்து 1,620. இது ஸ்டாம்ப் டியூட்டி இல்லாமல். முழுப் பணமும் கட்டிச் சாவி வாங்கும் கம்ப்ளீஷன் ஆன 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி கணக்கைத் தாக்கல் செய்து கட்ட வேண்டும், சொலிசிட்டர் செய்துவிடுவார். பணத்தை மட்டும் முன்கூட்டியே அவர் கணக்கில் போட்டுவிட வேண்டும். அவர் வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டதாக மின்னஞ்சல் வந்தால் அது மோசடி என்றே வைத்துக்கொண்டு, உங்களிடம் முதலிலிருந்தே இருக்கும் எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

10. சாவி கிடைத்த பிறகு

முதல் குளிர்காலம் வரை எதையும் மாற்றாதீர்கள். எங்கே குளிர் நுழைகிறது, எங்கே ஈரம் தங்குகிறது என்று வீடே காட்டிக்கொடுக்கும். இருக்கிற மாதிரியே அதே பொருளில் பழுது பார்ப்பதற்குப் பெரும்பாலும் அனுமதி வேண்டாம். வடிவமோ பொருளோ மாறினால் கேளுங்கள். பிளானிங் விண்ணப்பத்துக்கு எட்டு வாரம். வீட்டை விரிவாக்கும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் 2025 ஏப்ரலில் 528 பவுண்டாக ஏறியது. லிஸ்டட் கட்டட அனுமதிக்குக் கட்டணம் இல்லை, வரைபடம் போட ஆர்க்கிடெக்டுக்குத்தான் செலவு.

ஜன்னல் குளிருக்கு நாங்கள் செய்தது: மர ஜன்னலைத் தொடாமல் உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தினோம். லிஸ்டட் அல்லாத எங்கள் வீட்டுக்கு அனுமதி தேவைப்படவில்லை, தெருச் சத்தமும் பாதியாகக் குறைந்தது.

கடைசியாக, மரம். கன்சர்வேஷன் ஏரியாவில் உங்கள் தோட்டத்து மரமே ஆனாலும், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் குறுக்களவு 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வெட்டவோ கிளை கழிக்கவோ ஆறு வாரத்துக்கு முன் கவுன்சிலுக்கு நோட்டீஸ் தர வேண்டும். கட்டணம் கிடையாது. எந்த மரம், எங்கே, என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு சின்னப் படம் வரைந்து அனுப்பினால் போதும். அனுப்பிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆறு வாரத்துக்குள் தடை வராவிட்டால் வெட்டலாம், நோட்டீஸ் தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.